உள்ளே ஓடுவது யாருடைய மெஷின்?

(நம் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வந்த வார்த்தைகளைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



செயலாளர் போன் செய்து, "நீ ஒரகடத்துல இருக்க, ஏதாவது தொழில் சம்பந்தமா இருபது நிமிஷம் பேசு. ஆனா ஸ்லைடு போட்டுத் தூங்க வைக்காதே" என்றார். ஆகவே ஸ்லைடு இல்லை. ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரகடத்துக்கும் வாட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வந்து சேருவேன்.

போன தீபாவளிக்கு என் அக்கா வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்திருந்தார். கையில் ஒரு ஸ்விஸ் குரோனோகிராஃப் வாட்ச். குரோனோகிராஃப் என்றால் வேறொன்றுமில்லை, ஸ்டாப் வாட்சும் சேர்ந்த கடிகாரம். டயலுக்குள்ளே மூன்று குட்டி டயல், பக்கத்தில் இரண்டு பித்தான். அத்தான் அதற்குக் கொடுத்த விலையில் இங்கே ஒரு ஆல்ட்டோ கார் வாங்கிவிடலாம். அப்படிப்பட்ட வாட்சில் தேதி மாறவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எண் பாதி நகர்ந்து அப்படியே நிற்கிறது. கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பினால் மாதக் கணக்கில் ஆகும். அதற்குள் அவர் விடுமுறை முடிந்துவிடும். சரி என்று பாரிமுனைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பழைய வாட்ச் கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

கடைக்கார பாய் வாட்சைத் திறக்கக்கூட இல்லை. டயலைப் பார்த்தார். காதருகே வைத்து லேசாக ஆட்டினார். "குட்டி முள்ளு மூணும் பன்னெண்டு, ஒம்பது, ஆறுல இருக்கு. கிழமையும் தேதியும் மூணுல இருக்கு. ஆட்டினா உள்ள ஒதறுது. இது கம்பெனியோட சொந்த மெஷின் இல்ல சார். ஈ.டி.ஏ. மெஷின். எழுபத்தேழு அம்பது" என்றார்.

அத்தான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "என்ன மாப்ளே, அப்ப இவன் வெறும் டப்பாவையும் பேரையும் வித்துட்டு, மெஷினை வெளியில வாங்கிப் போட்டிருக்கானா? ஏமாந்துட்டேனா?" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், அதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்னால் இதே கேள்வியை வேறு உருவத்தில் கேட்டு என்னை ஒருவன் மடக்கியிருந்தான். நம் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எங்கள் தொழிற்சாலையைப் பார்க்க வந்திருந்தார்கள். லைனைச் சுற்றிக் காட்டினேன். இது எங்கிருந்து வருகிறது, அது எங்கிருந்து வருகிறது என்று விளக்கினேன். முடிவில் ஒரு தம்பி, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், கேட்டான்: "அண்ணா, எல்லாமே வெளியில இருந்து வருது. டிராயிங்கும் வெளிநாட்டுல இருந்து வருது. அப்ப நீங்க இங்க என்னதான் பண்றீங்க? ஸ்க்ரூ முடுக்குறீங்களா?"

சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து யோசித்ததைத்தான் இன்றைக்கு உங்கள் முன் வைக்கிறேன். அந்தத் தம்பி இங்கே எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான். எழுந்து நிற்க வேண்டாம்பா, கேட்டாலே போதும்.

முதலில் வாட்ச். 7750 என்பது வால்ஜூ என்ற ஸ்விஸ் கம்பெனியில் எட்மண்ட் காப்ட் என்பவர் 1970களின் தொடக்கத்தில் வடிவமைத்த ஆட்டோமேட்டிக் மெஷின். 30 மில்லிமீட்டர் விட்டம், 7.9 மில்லிமீட்டர் தடிமன், 25 கல். மணிக்கு 28,800 அசைவு, அதாவது வினாடிக்கு எட்டு டிக். அதுவரை நல்ல குரோனோகிராஃப் என்றால் உள்ளே காலம் வீல் என்று ஒரு சக்கரம் இருக்கும். கோட்டைச் சுவர் மாதிரி பல் பல்லாக நிற்கும் சின்னத் தூண்களை ஒரே உலோகத்தில் கடைந்து எடுக்க வேண்டும். நேரம் பிடிக்கும், கைத்திறன் வேண்டும். இந்த மனிதர் என்ன செய்தார் என்றால், அந்தச் சக்கரத்தையே எடுத்துவிட்டு, தகட்டில் அடித்து எடுக்கக்கூடிய கேம், லீவர் போன்ற தட்டையான பாகங்களை வைத்தார். கடைவதற்குப் பதில் பிரஸ்ஸில் அடிப்பது. நம் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பித்தானை அழுத்தினால் கொஞ்சம் கடினமாக இருக்கும். ரோட்டர் ஒரு பக்கம் சுற்றும்போதுதான் சாவி ஏறும், மறுபக்கம் சும்மா சுழலும். பாய் சொன்ன உதறல் அதுதான். நாசூக்கு குறைவு. ஆனால் ஆயிரக்கணக்கில், ஒன்றுபோல ஒன்று, செய்ய முடிந்தது. வால்ஜூ பின்னர் ஈ.டி.ஏ. என்ற பெரிய மெஷின் கம்பெனிக்குள் அடங்கியது. அந்த ஈ.டி.ஏ. இன்றைய ஸ்வாட்ச் குழுமத்தின் கையில். பல பத்தாண்டுகளாக எத்தனையோ பெயர்களில், எத்தனையோ விலைகளில் வந்த குரோனோகிராஃபுகளுக்குள்ளே ஓடியது இதே 7750தான்.

இதைக் கேட்டதும் நம் மனசு, "ஓகோ, அப்ப சொந்தமா செய்யறவன்தான் ஒசத்தி" என்று முடிவு கட்டும். கொஞ்சம் பொறுங்கள்.

ரோலெக்ஸ் டேடோனா என்று ஒரு வாட்ச். 1963இல் வந்தது. அதற்குள் இருந்தது யாருடைய மெஷின்? வால்ஜூவுடையது. 1988 வரை அப்படித்தான். 1988இலிருந்து 2000 வரை ஜெனித் என்ற வேறொரு கம்பெனியின் எல் பிரிமேரோ மெஷினை வாங்கி, வேகத்தை 36,000லிருந்து 28,800 ஆகக் குறைத்து, தேதியை எடுத்துவிட்டு, பேலன்ஸ் வீலையும் ஹேர் ஸ்பிரிங்கையும் தன் முறைக்கு மாற்றிப் போட்டது. 2000த்தில்தான் சொந்த மெஷின். ஆக 37 வருஷம், உலகமே ஆசைப்பட்ட அந்த வாட்சுக்குள் ஓடியது வெளி மெஷின். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. வால்ஜூ மெஷின் உள்ளே இருந்ததால் ஒரு டாலர்கூட யாரும் குறைத்துக் கேட்டதாகத் தெரியவில்லை!

சந்திரனுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டரும் அப்படியே. உள்ளே இருந்த 321 என்ற மெஷினின் மூலம் லெமானியா கம்பெனியுடையது. ஒமேகாவும் லெமானியாவும் ஒரே குழுமத்துக்குள் இருந்தவை, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி. அதை நாசா 1965இல் வெப்பம், குளிர், அதிர்ச்சி, அதிர்வு எல்லாவற்றிலும் போட்டு வாட்டி எடுத்துத் தேர்ந்தெடுத்தது. 1970இல் அப்போலோ 13 கலம் பழுதாகித் திரும்பும்போது, பாதையைச் சரி செய்ய 14 வினாடி இன்ஜினை எரிக்க வேண்டியிருந்தது. அந்த 14 வினாடியை எண்ணியது இந்த வாட்ச்தான். பட்டேக் ஃபிலிப் என்றால் வாட்ச் உலகத்தில் சங்கீத கலாநிதி மாதிரி. அவர்களே லெமானியா மெஷினை மூலமாக வைத்து மெருகேற்றித்தான் குரோனோகிராஃப் செய்தார்கள். கையால் சாவி கொடுக்கிற வகையில் முழுக்கச் சொந்தமான மெஷின் 2000களில்தான் வந்தது.

இவ்வளவு ஏன், காஞ்சிபுரம் பட்டு ஒரகடத்திலிருந்து எவ்வளவு தூரம்? பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. சாயம் போடுகிறவர் ஒருவர், பாவு போடுகிறவர் ஒருவர், நெய்கிறவர் ஒருவர். கல்யாணப் பெண்ணிடம் போய், "இது அவுட்ஸோர்ஸிங் புடவை" என்று சொல்லிப் பாருங்கள், பந்தியில் உங்களுக்கு இலை போட மாட்டார்கள். ஸ்விட்சர்லாந்திலும் ஜூரா மலைப் பக்கம் பனிக்காலத்தில் விவசாயிகள் வீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு பாகம் செய்வார்கள். ஒருவர் சேகரித்துப் பூட்டி, தன் பேரைப் போட்டு விற்பார். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் செய்வதுதான் பெருமை என்பது விளம்பரக்காரர்கள் பின்னாளில் கிளப்பிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

இப்போது நம்ம பக்கம் வருகிறேன். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் ரோட்டில் வந்தால் ஒரகடம். அந்த ரோட்டின் வாசலிலேயே ஒரு கதை இருக்கிறது. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு கார். 1985இல் நம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு. பார்த்தால் கண் கூசும், அவ்வளவு அழகு. விலையும் அன்றைக்குப் பணக்காரர் விலை. ஆனால் உள்ளே? வெளியில் நல்ல இன்ஜின் வாங்காமல், தன்னிடம் இருந்த பழைய வான்கார்டு காலத்து 2 லிட்டர் இன்ஜினையே திருத்திப் போட்டார்கள். 83 குதிரைத்திறன். அந்த உடம்பை அது இழுக்கவில்லை, பெட்ரோலை மட்டும் குடித்தது. 1988 வாக்கில் கார் நின்றது, கூடவே கம்பெனியின் கார் தயாரிப்பும் நின்றது. சொந்த இன்ஜின்தான்! சொந்தம் என்பதால் யாரும் மன்னிக்கவில்லை.

அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று. 1990களில் என்ஃபீல்டு கம்பெனி டீசல் புல்லட் விற்றது. அதில் இருந்தது கிரீவ்ஸ் லம்பார்டினி 325 சி.சி. இன்ஜின். பம்பு செட்டுக்குப் போடுகிற அதே ஜாதி. 6.5 குதிரைத்திறன். ராஜா மாதிரி வண்டி, தோட்டத்து மோட்டார் சத்தம். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் அதை வைத்திருந்த பால்காரர்கள் மைலேஜைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். கெட்டுப்போனால் பம்பு செட் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். பாய் ஈ.டி.ஏ. மெஷினைப் பார்த்த மாதிரி. அதே கம்பெனி இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தன் சொந்த இன்ஜின்களைச் செய்கிறது. 2018இல் வந்த 650 இரட்டை சிலிண்டர் வண்டியை இங்கிலாந்துக்காரனே வாங்கி ஓட்டுகிறான்.

ஒரகடத்தில் ரெனோவும் நிஸானும் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. அங்கிருந்து வந்த டஸ்டர், மைக்ரா, சன்னி, டெரானோ எல்லாவற்றின் டீசல் வகைகளிலும் ஒரே இன்ஜின். கே9கே என்று பேர். 1461 சி.சி. அதற்கு முன்பே 2007இல் மகிந்திரா விற்ற லோகனிலும் அதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், 2012 முதல் ஐரோப்பாவில் மெர்சிடிஸ் பென்ஸ் ஏ-கிளாஸ் காரின் சின்ன டீசல் வகையிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான். பானட்டில் மூன்று முனை நட்சத்திரம், உள்ளே பிரெஞ்சுக்காரன் இன்ஜின்! அங்கேயும் எங்கள் அத்தான் மாதிரி நிறையப் பேர், "நான் பென்ஸுக்குத்தானே பணம் கொடுத்தேன்?" என்று முகம் சுளித்தார்கள். இங்கே ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் மாருதி ஸ்விஃப்டிலும் டாட்டா விஸ்டாவிலும் வேறு வேறு பேரில் ஓடியதும், அதை இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று பத்திரிகைக்காரர்கள் கேலியும் பாராட்டுமாக எழுதியதும் உங்களுக்குத் தெரியும்.

நம்பலாமா, உழைக்குமா என்றால், என் பதில் இதுதான். நாம் ரிலயபிலிட்டி பாடத்தில் குளியல் தொட்டி மாதிரி ஒரு கோடு வரைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பிறந்த புதிதில் பழுது அதிகம், நடுவில் குறைவு, வயதானதும் அதிகம். மெஷினின் வடிவமைப்புக்கும் அப்படி ஒரு பிள்ளைப் பருவம் உண்டு. லட்சக்கணக்கில் ஊர் ஊராக ஓடிய மெஷினின் பிள்ளை நோய்களெல்லாம் எப்போதோ வெளியே வந்து வைத்தியமும் ஆகியிருக்கும். எந்தப் பல் முதலில் தேயும், எங்கே எண்ணெய் காயும் என்று ஊர் மெக்கானிக்குக்கே தெரியும். புதிதாகச் செய்த சொந்த மெஷின் எவ்வளவு உயர்ந்ததானாலும் முதல் ஐந்து வருஷத்துக்குச் சோதனைச் சாலை நாம்தான். அதற்குக் கூடுதல் காசும் நாமே கொடுக்கிறோம்.

ஆனால் ஒன்று. "ஒரே மெஷின்" என்பதும் பாதி உண்மைதான். ஈ.டி.ஏ. தன் மெஷினைப் பல தரத்தில் கொடுக்கிறது. அடித்தரத்தில் ஒரு பேலன்ஸ் வீல், மேல்தரத்தில் வேறு உலோகம். மேலே போகப் போக அதிக நிலைகளில் நிறுத்தி, படுக்க வைத்து, சாய்த்துச் சரி செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே குரோனோமீட்டர் தரம். அது ஸ்விஸ் சோதனை நிலையத்தில் 15 நாள் இருந்து, ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில், சராசரியாக நாளுக்கு 4 வினாடிக்கு மேல் பின்தங்காமலும் 6 வினாடிக்கு மேல் முந்தாமலும் ஓடிக் காட்ட வேண்டும். டஸ்டரிலும் அப்படித்தானே? அதே கே9கே ஒன்றில் 85 குதிரைத்திறன், இன்னொன்றில் 110. டர்போவே வேறு. ஆகவே மெஷின் பேரைக் கேட்டுவிட்டு நின்றால் போதாது. எந்தத் தரம், வாங்கியவன் அதன் மேல் என்ன வேலை செய்தான் என்று கேட்க வேண்டும். ஐ.டபிள்யூ.சி. கம்பெனியின் கர்ட் கிளவுஸ் என்ற பொறியாளர் இதே 7750ஐ அடிப்படையாக வைத்து, மாதம், லீப் வருஷம் எல்லாம் தானே கணக்குப் பார்க்கிற நிரந்தர நாட்காட்டியை 1985இல் டா வின்சி என்ற வாட்சில் கொண்டுவந்தார். கீழே ஓடுவது வாங்கிய மெஷின், மேலே இருப்பது மூளை. அந்த மூளைக்கு விலை கொடுக்கலாம். வாங்கிய மெஷினை அப்படியே போட்டு, பளபளவென்று மூடி, பத்து மடங்கு விலை சொன்னால் அது உழைக்கும், ஆனால் விலை நியாயமில்லை. உழைப்பும் விலையும் இரண்டு தனிக் கணக்கு. அத்தான் இரண்டையும் ஒரே கணக்கில் போட்டதால்தான் குழம்பினார்.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனிப் பேர் வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் ஒரு சின்ன சப்ளையரிடமிருந்து வளைத்த எண்ணெய்க் குழாய் ஒன்று வாங்கிக்கொண்டிருந்தோம். சாதாரணக் குழாய். இரண்டு இடத்தில் வளைவு. விலையைப் பார்த்துவிட்டு, "இதை நாமே செய்தால் என்ன?" என்று எழுதிக் கொடுத்த புத்திசாலி நான்தான். மெஷின் வந்தது. டிராயிங் நம்மிடமே இருக்கிறது. செய்தோம். மூன்றாவது மாதம் பொருத்துகிற இடத்தில் கசிவு. ஒரு லாட் சரியாக இருக்கும், அடுத்த லாட் உட்காராது. நான் மெஷினைத் திட்டினேன், ஆபரேட்டரைத் திட்டினேன், கடைசியில் வெட்கத்தை விட்டு அந்தப் பழைய சப்ளையரிடமே போய் நின்றேன்.

அங்கே ஃபோர்மேன் ஒருவர். ஐ.டி.ஐ. படித்தவர். என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சார், ஒவ்வொரு லாட் குழாயும் ஒவ்வொரு மாதிரி திரும்பும். வளைச்சு விட்டதும் கொஞ்சம் நிமிரும்ல, அது லாட்டுக்கு லாட் மாறும். நான் புது கட்டு பிரிச்சதும் மூணு பீஸ் வளைச்சுப் பார்ப்பேன். அப்புறம்தான் கோணத்தை வைப்பேன்." ஸ்பிரிங் பேக்! இரண்டாம் ஆண்டில் நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். எங்கள் டிராயிங்கில் அளவு இருந்தது, டாலரன்ஸ் இருந்தது, அந்த மூன்று பீஸ் மட்டும் இல்லை. நாங்கள் குழாயை மட்டும் வாங்கவில்லை, அந்த மனிதரின் மூன்று பீஸையும் சேர்த்துத்தான் இத்தனை நாள் வாங்கியிருக்கிறோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. குழாய் மறுபடி அவரிடமே போயிற்று. அந்த மெஷினை என்ன செய்தார்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

அதனால் வெளியில் வாங்குவதே நல்லது என்று முடித்துவிடலாமா? முடியாது. இங்கேதான் எனக்கு உண்மையான கவலை.

2002இல் ஸ்வாட்ச் குழுமம், ஈ.டி.ஏ. இனி மற்றவர்களுக்கு அரைகுறை மெஷின்களைக் கொடுப்பதை நிறுத்தப் போகிறது என்று அறிவித்தது. பல பெரிய பேர்களுக்கு அன்றைக்குத் தூக்கம் போயிற்று. பெட்டி இருக்கிறது, டயல் இருக்கிறது, கடை இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. உள்ளே போட மெஷின் இல்லை என்றால்? அந்த நாட்டுப் போட்டி ஆணையம் தலையிட்டது. இழுபறிக்குப் பிறகு 2013இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: 2019 முடியும்வரை படிப்படியாகக் குறைத்துக்கொண்டே கொடுக்க வேண்டும். கொடுத்த அந்த அவகாசத்தில் யார் பிழைத்தார்கள்? ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டு கற்றவர்கள். பிரைட்லிங் 7750 வைத்தே பேர் வாங்கிய கம்பெனி. 2009இல் சொந்த மெஷின் செய்தது. 2017இல் டியூடர் கம்பெனியே அவர்களிடம் வாங்கிப் போட்டுக்கொண்டது. செலிட்டா என்று ஒரு கம்பெனி, ஈ.டி.ஏ.வுக்கு மெஷின் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி, தம்பி சொன்ன மாதிரி ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த கம்பெனி. அவர்கள் இன்று 7750க்கு ஈடாகத் தங்கள் மெஷினைச் செய்து உலகத்துக்கு விற்கிறார்கள். ஸ்க்ரூ முடுக்கிய கைதான்!

நம் பாதையில் இந்தப் பாடத்தை நாம் வேறு மாதிரிப் படித்தோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. காலையில் கம்பெனி பஸ் வரிசையாகப் போகிற ரோட்டில், நின்றுபோன பஸ்களையும், ஊருக்கு மூட்டை கட்டிய பெண்களையும் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். போன் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு ஸ்ரீபெரும்புதூரில் எடுக்கப்படவில்லை, ஆலையை மூடும் முடிவும் இங்கே எடுக்கப்படவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தது. கே9கே இன்ஜினை அந்த விதிக்கு ஏற்ப மாற்றி இந்தியாவில் விற்பது கட்டுப்படியாகாது என்று டீசலையே நிறுத்திவிட்டார்கள். 2021இல் சிப் தட்டுப்பாடு. விரல் நகம் அளவு சில்லு வராமல் கார்த் தொழிற்சாலைகள் ஷிப்டு குறைத்தன. பாகம் வாங்குவதில் தப்பில்லை. அந்தப் பாகம் ஏன் அப்படி இருக்கிறது என்ற அறிவையும் சேர்த்து வெளியில் விட்டுவிட்டால், கதவு சாத்தும்போது நாம் வெளியில்தான் நிற்போம்.

ஓசூரைப் பாருங்கள். 1984இல் நம் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கியபோது குவார்ட்ஸ் மெஷின் நம்மிடம் ஏது? பிரெஞ்சுக் கம்பெனியிடம் தொழில்நுட்பம் வாங்கித்தான் தொடங்கினார்கள். 2002இல் டைட்டன் எட்ஜ் வந்தது. மெஷினின் தடிமன் 1.15 மில்லிமீட்டர், வாட்ச் முழுவதும் 3.5 மில்லிமீட்டர். நம் ஆட்கள் வடிவமைத்து, நம் ஆட்கள் செய்தது. அதற்கு முன்னால் எச்.எம்.டி.யும் 1961இல் ஜப்பானின் சிட்டிசனிடம் கற்றுக்கொண்டுதான் இறங்கியது. என் அப்பா கல்யாணத்துக்குக் கட்டிய எச்.எம்.டி. வாட்ச் இன்றைக்கும் ஓடுகிறது. அந்த வாட்ச் ஆலைகளை மூட 2016இல் அரசு முடிவெடுத்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கற்றுக்கொண்டதைத் தொடர்ந்து கற்றுக்கொண்டே இருந்தவர் ஒருவர், நடுவில் நிறுத்தியவர் ஒருவர்.

ஒரகடத்திலும் நடந்திருக்கிறது. ரெனோ க்விட் 2015இல் வந்ததே, அதற்காக ஜெரார் தெதூர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சென்னைக்கே வந்து தங்கி, இங்குள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்தார். ஒவ்வொரு பாகமாக, "இது எதற்கு இவ்வளவு எடை? எதற்கு இவ்வளவு காசு?" என்று நம் சப்ளையர்களோடு உட்கார்ந்து அலசினார்கள். அந்த க்விட்டின் அடிப்படையில்தான் பின்னால் ஒரு மின்சாரக் கார் பிறந்து, டாச்சியா ஸ்பிரிங் என்ற பேரில் 2021 முதல் ஐரோப்பாவில் ஓடுகிறது. இந்தத் தடவை உள்ளே இருக்கும் யோசனையில் ஒரு பங்கு நம்முடையது. அதை ஓட்டுகிற பாரீஸ்காரன் எவனும் "ஏமாந்துவிட்டேன்" என்று சொன்னதாகக் கேள்விப்படவில்லை!

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், ஸ்க்ரூ முடுக்குகிறோம். எத்தனை நியூட்டன் மீட்டர் முடுக்க வேண்டும், ஏன் அந்த எண், நாலாவது ஸ்க்ரூவை முடுக்கும்போது முதல் ஸ்க்ரூ ஏன் தளர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடுக்குகிறவன் ஒருவன், தெரியாமல் முடுக்குகிறவன் ஒருவன். இரண்டு பேரும் ஒரே சம்பளத்தில்தான் சேருவார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்க்க வேண்டும். டிராயிங் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்ற உன் குறை நியாயமானது. அதில் எனக்கும் வருத்தம் உண்டு. இவ்வளவு தொழிற்சாலை இருக்கிற பாதையில் வடிவமைப்புக்கு என்று இருக்கிற நாற்காலிகள் இன்னும் குறைச்சல்தான். மகிந்திரா சிட்டியில் கொஞ்சம் இருக்கிறது, ஒரகடத்திலேயே வாகனச் சோதனை மையம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கெல்லாம் இன்டர்ன்ஷிப் கேட்டுப் போகாமல், சர்டிபிகேட்டுக்காக எங்கேயாவது ஐந்து நாள் தலைகாட்டிவிட்டு வருவது எனக்குப் பிடிக்கவில்லை. முதல்வர் அவர்கள் கோபிக்கக்கூடாது. சங்கத்தின் சார்பில் ஆண்டுக்கு நாலு பேரையாவது, ஒரு மாதம் முழுக்க, என் மாதிரி பெரிய ஆலைக்கு அல்ல, அந்தக் குழாய் ஃபோர்மேன் மாதிரி ஆட்கள் இருக்கும் சின்னப் பட்டறைகளுக்கு அனுப்ப வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஃபோர்மேனிடமும் பேசிவிட்டேன். "அனுப்புங்க சார், ஆனா காலைல ஏழரைக்கு வரணும்" என்கிறார். ஏழரை என்றதும் பின்வரிசையில் பாதிப் பேர் தலையைக் குனிகிறார்கள்!

அத்தான் வாட்ச் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாய் திறந்து பார்த்தார். மெஷின்மேல் குற்றமே இல்லை. அத்தான் துபாய்க்கும் சென்னைக்கும் பறக்கும்போதெல்லாம் ராத்திரி ஒன்பது பத்து மணிக்குத் தேதியைத் திருகி மாற்றியிருக்கிறார். அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் ஏற்கெனவே பல்லைப் பிடித்திருக்கும். எட்டு மணியிலிருந்து ராத்திரி இரண்டு மணி வரை தொடக்கூடாது என்று வாட்சோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. அவர் அதைப் பிரிக்கவே இல்லை. "இதுவே கம்பெனியோட சொந்த மெஷினா இருந்தா சாமானுக்கு நான் எங்க போவேன்? இது எழுபத்தேழு அம்பதுங்கிறதால இங்கயே முடிஞ்சுது" என்று சொல்லி, மூன்றாம் நாள் பாய் கையில் கொடுத்தார். போன வாரம் அத்தான் துபாயிலிருந்து பேசினார். நாளுக்கு மூன்று வினாடி முந்துகிறதாம். அதைக் குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

செயலாளர் தன் வாட்சைப் பார்க்கிறார். உள்ளே யாருடைய மெஷினோ, சரியாகத்தான் ஓடுகிறது.